நினைவில் நில்லாத வேதனை

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்காஸ்கோப்பி பரிசோதனைக்கு முன் நோயாளிக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் ஒரே வேலையைச் செய்வதில்லை. தொண்டையில் தெளிக்கப்படும் லிக்னோகெய்ன், உணர்ச்சியை அது எழும் இடத்திலேயே தடுக்கிறது. ஊசி வழியே ஏற்றப்படும் ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்து, எழுந்த உணர்ச்சியின் கொடுமையைக் குறைத்து இருமலையும் அடக்குகிறது. மிடாசோலம் பதற்றத்தைத் தணித்து அரைத்தூக்கம் தருவதோடு, அந்த நேரத்தில் நடந்தவை நினைவில் பதியாமலும் செய்கிறது. முதல் இரண்டையும் பற்றிய விவாதத்தை மருத்துவத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். மூன்றாவது மருந்து எழுப்பும் கேள்வி மருத்துவத்தில் அடங்காது. ஒருவர் பட்ட வேதனை அவருக்கே நினைவில்லை என்றால், அவர் வேதனைப்பட்டார் என்று சொல்லலாமா? அந்த வேதனை யாருடையது?

பரிசோதனை அறைகளில் பலமுறை நடப்பது இது. குழாய் குரல்நாண்களைத் தாண்டும்போது நோயாளி இருமுகிறார், முகம் சிவக்கிறது, கண்ணில் நீர் வழிகிறது. ஒரு கை குழாயைத் தள்ளப் பார்க்கிறது. செவிலியர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நேரம்தான்மா” என்கிறார். நோயாளிக்கு அது கேட்கிறது, கை தளர்கிறது. மூச்சை இழுத்து விடச் சொன்னால் இழுத்து விடுகிறார். எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்கிறார்: “எப்ப சார் ஆரம்பிப்பீங்க?” அறையில் இருந்த எல்லோருக்கும் நடந்தது தெரியும். யாருக்கு நடந்ததோ அவருக்கு மட்டும் தெரியாது.

இந்தப் பரிசோதனையின் வரலாறு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் தொடங்குகிறது. அங்கே குஸ்டாவ் கில்லியான் என்ற மருத்துவர் 1897ஆம் ஆண்டு, ஓர் உழவரின் வலது மூச்சுக்குழாயில் சிக்கியிருந்த எலும்புத் துண்டை ஒரு நேரான உலோகக் குழாய் வழியே வெளியே எடுத்தார். தொண்டையை மரக்கச் செய்ய அவரிடம் இருந்த மருந்து கோகெய்ன். கண் அறுவைக்கு அது பயன்படும் என்று வியன்னாவில் கார்ல் கோலர் காட்டியது 1884இல். பதின்மூன்றே ஆண்டுகளில் அது மூச்சுப்பாதைக்கும் வந்துவிட்டது. கோகெய்னின் இடத்தை நிரப்பிய லிக்னோகெய்ன் 1943இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. வளையக்கூடிய கண்ணாடியிழைக் குழாயை ஜப்பானின் ஷிகெடோ இகேடா 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்தார். அதன் பிறகு நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போயிற்று. விழித்தோ அரைவிழிப்பிலோ இருக்கும் மனிதரின் நுரையீரலுக்குள் பார்ப்பது அன்றாட வேலை ஆயிற்று. இங்கே எழும் தத்துவக் கேள்வியும் அந்த அரைவிழிப்பில்தான் பிறக்கிறது; ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரைப் பற்றி அது எழுவது அரிது.

இந்தப் பரிசோதனையில் நோயாளி அனுபவிப்பதை வலி என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. மூக்கிலும் தொண்டையிலும் வலியும் எரிச்சலும் உண்டு. குரல்நாண்களுக்குக் கீழே போனபின் மேலோங்கி நிற்பது இருமலும் திணறலும்தான். பக்கத்தில் ஆக்சிஜன் ஓடுகிறது, விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பதாகக் காட்டுகிறது, ஆனாலும் மூச்சு அடைபடுகிறது என்ற அச்சம் உடம்பை உலுக்குகிறது. தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு. உயிர் போகிறது என்று ஒருவர் சொல்வதற்கு மிக அருகில் உள்ள அனுபவம் இது. பல்வலியைத் தாங்கிக்கொள்ளும் மனம் சில விநாடித் திணறலைத் தாங்குவதில்லை. முன்மருந்துகளின் நோக்கத்தை வலியை அகற்றுவது என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

இந்த ஆயத்தத்தின் முதல் படி மருந்தே இல்லை, வெறும் வயிறு. திட உணவை ஆறு மணி நேரமும், தண்ணீர் போன்ற தெளிந்த நீரை இரண்டு மணி நேரமும் முன்னதாக நிறுத்திவிடுவது இன்றைய வழக்கம். தொண்டை மரத்திருக்கும்போது வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையோ அறுவைக்கு முன் நோயாளிக்கு உணவு கொடுக்கச் சொல்கிறது. குடிப்பழக்கம் உள்ளவருக்குக் கடுமையான மதுவும் கொடுக்கச் சொல்கிறது. உண்டவர் மயங்கி விழமாட்டார், மது உண்டவர் கத்தியை உணரமாட்டார் என்பது அது தரும் காரணம். ஆனால் வாய் நோய்களுக்கும், வயிறு, மூலம், கல்லடைப்பு, சிக்கலான பிரசவம் போன்ற சிலவற்றுக்கும் அது விலக்குத் தருகிறது: அவற்றை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும். அந்த மருத்துவர்கள் வாய்க்குள் கைவைக்கும் முன் வயிற்றைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். மதுவைப் பற்றி அவர்கள் சொன்ன காரணத்திலும் ஒரு நேர்மை இருக்கிறது. கத்தியை உணரக்கூடாது என்பதே அவர்களுடைய நோக்கம். உணர்ந்துவிட்டு மறக்கட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

லிக்னோகெய்ன் நரம்பிழைகளில் சோடியம் நுழையும் வாயில்களை அடைக்கிறது. அந்த வாயில் திறந்தால்தான் நரம்பில் துடிப்பு பிறக்கும். திறக்காதபோது மூளைக்குச் செய்தியே போவதில்லை. ஆகவே இது தரும் நிவாரணத்தைப் பற்றித் தத்துவச் சிக்கல் எதுவும் கிடையாது. எழாத உணர்ச்சிக்கு உரிமையாளர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. கசப்பான அந்தத் தெளிப்பு பட்டதும் தொண்டை வீங்கிவிட்டதுபோலவும் எச்சிலை விழுங்க முடியாததுபோலவும் தோன்றும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் பாதியாகக் குறையும். மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களைக் காத்திருப்பது மருத்துவரின் கடமையில் ஒரு பகுதி. எல்லையும் உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 7, 8 மில்லிகிராமைத் தாண்டினால் உதடு மரத்து, காது இரைந்து, வலிப்பு வரை போகலாம்.

அபின் வகை மருந்து வேறொரு இடத்தில் வேலை செய்கிறது. அதைப் பெற்றவர்களில் சிலர், வலி இருக்கிறது, ஆனால் அது பொருட்டாகத் தோன்றவில்லை என்கிறார்கள். வலியின் உணர்வும் அதைப் பற்றிய துயரமும் பிரிக்கக்கூடியவை என்பதற்கு இது ஒரு சான்று. பௌத்த நூல்கள் இதை இரண்டு அம்புகளின் உவமையால் விளக்குகின்றன: முதல் அம்பு உடம்பில் தைக்கிறது, இரண்டாவது அம்பு அந்த வலியைப் பற்றிய மனத்தின் புலம்பல். பயிற்சியால் இரண்டாவது அம்பைத் தவிர்க்கலாம் என்பது அந்த மரபு சொல்வது. பரிசோதனை மேசையில் படுத்திருப்பவருக்கு அந்தப் பயிற்சி இல்லாதபோது மருந்து கொஞ்ச நேரத்துக்கு அதைச் செய்து தருகிறது.

முன்மருந்தாக அட்ரோபினும் பல ஆண்டுகள் வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அது எச்சிலையும் சளியையும் உலர்த்துகிறது. பார்ப்பவரின் காட்சி தெளிவாகும், நோயாளியின் வாய் வறண்டுபோகும். அதனால் நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்று கண்டபின் வழிகாட்டு நெறிகள் அதை வழக்கத்திலிருந்து நீக்கின. யாருடைய வசதிக்காக இந்த மருந்து என்ற கேள்வியை இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருந்தைப் பற்றியும் கேட்கலாம்.

மிடாசோலம் 1970களில் உருவான மருந்து. மூளையில் அடக்கும் வேலையைச் செய்யும் காபா என்ற பொருளின் விளைவை அது கூட்டுகிறது. அதனால் பதற்றம் குறைகிறது, கண் சொருகுகிறது. புதிய அனுபவங்களை நினைவாகப் பதிக்கும் மூளைப்பகுதியும் அந்த நேரத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. மருந்து ஏறுவதற்கு முன் நடந்தவை நினைவில் நிற்கும். ஏறிய பின் நடந்தவைதான் பதியாமல் போகும். அதன் தணிவுக்கும் மறதிக்கும் இடையே நல்ல இடைவெளி உண்டு. மறதி வரும் அளவுக்கு மருந்து ஏறியவர் அமைதியாகத்தான் இருந்தார் என்று கொள்ள முடியாது. ஒருவர் இருமித் திணறி, கையால் தள்ளி, சொன்னதைக் கேட்டு நடந்து, பிறகு அதில் ஒன்றையும் நினைவுகூராமல் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை ஒரு முழு மருத்துவ முறையே கவனிக்காமல் விட்ட வரலாறு உண்டு. அதுவும் அதே ஃப்ரைபுர்க் நகரில்தான் நடந்தது. 1906ஐ ஒட்டி கார்ல் கவுஸ், பெர்ன்ஹார்ட் க்ரோனிக் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள் மார்ஃபினையும் ஸ்கோபலமினையும் சேர்த்துக் கொடுத்து ‘அந்தித் துயில்’ என்ற முறையைப் பரப்பினார்கள். பிரசவித்த பெண்கள் வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் பிரசவ அறையில் அவர்கள் அலறினார்கள், புரண்டார்கள். விழுந்து காயப்படாமலிருக்கத் துணித் தடுப்பு வைத்த கட்டில்கள் தேவைப்பட்டன. மருந்து போதுமா என்று பார்க்க மருத்துவர்கள் வைத்த சோதனையும் நினைவுச் சோதனைதான்: ஒரு பொருளைக் காட்டிவிட்டுச் சிறிது நேரம் கழித்து, இதை முன்பு பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்த்ததாகச் சொன்னால் இன்னொரு ஊசி. வலிக்கிறதா என்பது அளவுகோலாக இல்லை. 1914இல் அமெரிக்கப் பெண்கள் இந்த முறையைத் தங்கள் உரிமையாகக் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். அவர்களுடைய கோரிக்கையின் அடியில் இருந்த நியாயத்தை மறுக்க முடியாது. பெண்ணின் வலி இயல்பானது, ஆகவே தாங்கட்டும் என்ற பழைய மனப்போக்கை எதிர்த்து அவர்கள் நின்றார்கள். அடுத்த ஆண்டு அந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்த ஒருவர் பிரசவத்தில் இறந்தபின் அலை ஓய்ந்தது.

வெளியே தெரியாத வேதனைக்கு 1947இல் ஒருவர் தன் உடம்பையே சாட்சியாக வைத்தார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கூராரே மருந்து உணர்வையும் போக்குமா என்று அப்போது ஐயம் இருந்தது. அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர், விழித்த நிலையிலேயே அந்த மருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு விரல்கூட அசைக்க முடியாமல் கிடந்தார். அவருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டது. பிறகு அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்: முழு உணர்வும் இருந்தது, தொண்டையில் எச்சில் தேங்கித் திணறியது மிகக் கொடுமையாக இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் அமைதியாக உறங்குபவர்.

இந்தச் செய்தியிலிருந்து ஒரு படி மேலே போய், தத்துவ அறிஞர் டேனியல் டெனெட் 1978இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனையை முன்வைத்தார். கூராரேயோடு மறதி மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, வேறு எதுவும் தராமல் அறுவை செய்தால் என்ன? நோயாளி அசையமாட்டார், கத்தமாட்டார், பிறகு புகார் சொல்லவும்மாட்டார். அப்படி ஒரு மருத்துவரிடம் யாராவது போவார்களா? போகமாட்டார்கள் என்ற விடை எல்லோருக்கும் உடனே வருகிறது. அந்த விடையை முழு மனத்தோடு ஏற்பவர், நினைவு இல்லாவிட்டாலும் வேதனை வேதனைதான் என்பதையும் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார்.

இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு வலுவான ஆதரவு மேற்கத்தியத் தத்துவத்தில் உண்டு. ஜான் லாக் 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், ஒருவரை அதே நபர் ஆக்குவது நினைவால் தொடரும் தன்னுணர்வே என்று வாதிட்டார். இந்தக் கணக்கில், மேசையில் திணறியவரும் பிறகு கட்டிலில் எழுந்தவரும் ஒரே உடம்பு, ஆனால் ஒரே நபரா என்பது ஐயத்துக்கு உரியது. லாக் தாமே குடிகாரரின் நிலையை எடுத்துப் பேசுகிறார். போதையில் செய்ததை நினைவுகூர முடியாதவரையும் மனிதச் சட்டம் தண்டிக்கிறது, ஏனென்றால் நீதிபதியால் உள்ளே புகுந்து பார்க்க முடியாது. இறுதித் தீர்ப்பு நாளில் தான் அறியாத எதற்கும் எவரும் பொறுப்பேற்க வேண்டியிருக்காது என்பது அவர் நம்பிக்கை. தாமஸ் ரீட் 1785இல் இதற்குக் காட்டிய முரண் புகழ்பெற்றது. சிறுவயதில் பழம் திருடி அடிபட்டவர், பின்னாளில் போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறார், முதுமையில் தளபதி ஆகிறார். கொடியைப் பிடித்த நாளில் அடி நினைவில் இருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி நினைவில்லை. லாக்கின்படி தளபதியும் அந்தச் சிறுவனும் ஒருவர்தான், ஒருவர் இல்லை, இரண்டும் உண்மையாகிவிடும்.

இந்தியச் சமயங்கள் பெரும்பாலும் லாக்குக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கின்றன. மறுபிறப்பை ஏற்கும் எந்த மரபும் நினைவை ஆளின் அடையாளமாக வைக்க முடியாது. முற்பிறவி யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் அதன் பயன் இந்த உயிரையே சேர்கிறது. சைவ சித்தாந்தம் வினையைத் தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை என்று மூன்றாகப் பிரிக்கிறது. இதில் நுகர்வினை தீர்வது நுகர்வதால்தான். நுகர்ந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தத்துவம் எங்கும் நிபந்தனை போடுவதில்லை. மேசையில் பட்ட திணறல் மறந்துபோனாலும், அது நுகரப்பட்ட துன்பம்தான், அதே உயிரின் கணக்கில்தான் சேரும்.

இந்தியத் தருக்கவியலான நியாய மரபு இதை இன்னும் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது. துன்பம் ஆன்மாவின் குணம். அது மனத்தால் நேரே அறியப்படுவது. அறிவை அது அனுபவம், நினைவு என்று இரண்டாக வகுக்கிறது. அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் நினைவை, வாசனை என்று சொல்லப்படும் பதிவிலிருந்து மட்டும் பிறக்கும் அறிவு என்று வரையறுக்கிறது. முதலில் அனுபவம், அது விட்டுச்செல்லும் பதிவு, அந்தப் பதிவு பின்னால் தூண்டப்பட்டால் நினைவு: இந்த வரிசையில் மிடாசோலம் கைவைப்பது நடுக்கண்ணியில். பதிவு விழவில்லை என்பதால் அனுபவம் நிகழவில்லை என்று நையாயிகர் எவரும் முடிவு கட்டமாட்டார்.

அத்வைதத்துக்கு இந்த மருந்து ஒரு கடினமான உதாரணம். ஆழ்ந்த உறக்கத்திலும் உணர்வு அழிவதில்லை என்பதற்கு அத்வைதிகள் சொல்லும் சான்று, விழித்தவர் ஒன்றும் தெரியாமல் சுகமாகத் தூங்கினேன் என்று சொல்வது. அனுபவிக்காததை நினைவுகூர முடியாது. ஆகவே உறக்கத்திலும் அறிந்த ஒரு சாட்சி இருந்தது என்பது வாதம். மிடாசோலம் பெற்றவரும் எழுந்ததும் சுகமாகத் தூங்கினேன் என்றுதான் சொல்கிறார், அவர் இருமித் திணறியதைப் பத்துப் பேர் பார்த்திருந்தாலும். அப்படியானால் அவருடைய கூற்று நினைவு ஆகாது. இடையில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்து அவர் செய்யும் ஊகம். உறக்கத்தைப் பற்றிய கூற்றும் ஊகமாகவே இருக்கலாம் என்று நியாய மரபினர் முன்பே ஆட்சேபித்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துக்கு இந்த மருந்து ஒரு புதிய சான்றைத் தருகிறது. சாட்சி இருந்தது என்ற அத்வைத முடிவை இது தொடுவதில்லை. விழித்தபின் சொல்லும் சொல்லை அந்த முடிவுக்குப் போதிய ஆதாரமாகக் கொள்வதைத்தான் இது தளர்த்துகிறது.

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிரின் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, பேசுகிறது. அமைச்சர்களோடு சேர்ந்து ஆளும் அரசனைப் போல உயிர் கருவிகளோடு சேர்ந்தே அறிகிறது என்பது அதில் உள்ள உவமை. நனவில் உயிர் புருவ நடுவில் முப்பத்தைந்து கருவிகளோடு நிற்கும். கனவில் பத்துக் கருவிகளை அங்கேயே விட்டுவிட்டுக் கழுத்துக்கு இறங்கும். பிறகு இதயம், உந்தி, மூலம் என்று ஒவ்வோர் இடமாக ஒடுங்கும். கனவின் இருப்பிடம் தொண்டை என்று அந்தப் பெரியவர்கள் வகுத்திருப்பதைத் தொண்டைப் பரிசோதனையைப் பற்றிப் பேசும்போது குறிப்பிடாமல் விட முடியவில்லை. ஆனால் மிடாசோலம் பெற்றவரை இந்த ஐந்தில் ஒன்றில் அப்படியே வைப்பது கடினம். காது கேட்கிறது, கை அசைகிறது, சொல்லுக்கு உடம்பு பணிகிறது. அந்த அளவில் அது நனவு. உவமையைச் சற்று நீட்டினால், அரசன் கொலுவில் இருக்கிறான், அமைச்சர்களும் இருக்கிறார்கள், கணக்கு எழுதுபவன் மட்டும் வரவில்லை. கணக்கன் வராத நாளில் அரண்மனையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது தவறு.

தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில், மருத்துவமனையில் கண்விழிக்கும் ஒருவரைக் கற்பனை செய்கிறார். அவருக்கு மரப்பு மருந்து இல்லாமல் அறுவை நடக்க வேண்டும். முடிந்ததும் அதை மறக்கச் செய்துவிடுவார்கள். நேற்றே பத்து மணி நேர அறுவை முடிந்துவிட்டதா, இன்று ஒரு மணி நேர அறுவை நடக்க இருக்கிறதா என்று செவிலியருக்கு நிச்சயமில்லை. நேற்றே முடிந்திருக்கட்டும் என்றுதான் அவர் மனம் வேண்டுகிறது, மொத்த வேதனை அதில் பத்து மடங்கு என்றாலும். கடந்த வேதனையைவிட வரும் வேதனை மனிதருக்குக் கனமானது. மறதி மருந்தின் கவர்ச்சி முழுவதும் இந்தச் சாய்வில் இருக்கிறது: பரிசோதனை முடிந்த கணத்தில் எல்லாமே கடந்ததாகிவிடுகிறது, நோயாளிக்கும் சரி, மருத்துவருக்கும் சரி. பார்ஃபிட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பௌத்த ஆசிரியர் சாந்திதேவர் வேறு வழியில் இதைக் கடந்துவிட்டார். துன்பத்துக்கு உரிமையாளர் என்று நிலையான எவரும் இல்லை என்பது அவர் கொள்கை. உரிமையாளரைத் தேடிக்கொண்டிருக்காமல், துன்பம் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தடுக்க வேண்டும் என்கிறார் அவர். ஆன்மா உண்டு என்பவர்களும் இல்லை என்பவர்களும் இந்த மேசையின் அருகே வந்ததும் ஒரே இடத்தில் நிற்பது வியப்பான உண்மை.

நினைவுக்கும் அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும். உளவியலாளர் டேனியல் கானெமன், மருத்துவர் டொனால்ட் ரெடல்மையர் இருவரும் பெருங்குடல் குழாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் வலியை நிமிடத்துக்கு நிமிடம் பதிவுசெய்து 1996இல் வெளியிட்டார்கள். பிறகு நினைவிலிருந்து சொல்லும்போது, வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கிட்டத்தட்ட மறைந்துபோய், உச்சகட்டமும் கடைசி நிமிடங்களும் மட்டுமே எஞ்சின. 2003இல் வெளிவந்த, 682 பேர் பங்கேற்ற ஆய்வில் சிலருக்குப் பரிசோதனையின் முடிவில் குழாயின் நுனியை அசைக்காமல் சிறிது நேரம் கூடுதலாக வைத்திருந்தார்கள். அவர்கள் பட்டது கூடுதல் நேரம், நினைவில் நின்றது குறைந்த வலி. மறுபடி பரிசோதனைக்கு வருவதற்கும் அவர்கள் சற்றே அதிகம் முன்வந்தார்கள். நுரையீரல் நோயில் இது சிறிய விஷயமில்லை. ஒரே ஆளுக்கு மூன்று, நான்கு முறை குழாய் விட வேண்டியிருக்கலாம். முதல் முறையின் திகில் நினைவில் நின்றால் இரண்டாம் முறை வராமலே போய்விடுவார், நோயும் முற்றிவிடும். திணறலின் நினைவு இரவுகளில் திரும்பத் திரும்ப வந்து வாட்டுமானால் அதுவும் புதிய துன்பம்தான். ஆகவே மறதி ஒரு நன்மை. அனுபவத்தின் வலியைக் குறைத்தபின் அதன் மேல் வைக்கப்படும் நன்மையாக இருக்கும்வரை அதில் குற்றம் காண ஏதுமில்லை. லிக்னோகெய்னுக்குக் காத்திருக்க நேரமில்லாமல் அந்த இடத்தில் மிடாசோலத்தைக் கூட்டும்போது அது குற்றமாகிறது.

வலியை அகற்றுவதே தெய்வச் சித்தத்துக்கு எதிரானதா என்ற கேள்வியும் ஒரு காலத்தில் எழுந்தது. மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847இல் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் பயன்படுத்தியபோது, ஏவாளுக்கு விதிக்கப்பட்ட வேதனையைச் சுட்டிக்காட்டிச் சிலர் ஆட்சேபித்தார்கள். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினார் என்று அதே வேதாகமத்திலிருந்து சிம்சன் பதில் தந்தார். போப் பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போது, வலியைத் தாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை கிறிஸ்தவருக்குப் பொதுவாக இல்லை என்று தெளிவாக்கினார். தக்க காரணமின்றி, குறிப்பாக இறக்கும் தறுவாயில், ஒருவரின் உணர்வைப் பறிக்கக்கூடாது என்றும் சேர்த்தார். இஸ்லாமியச் சட்டவியல், நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்ற விதியின் கீழ் மயக்க மருந்துகளை ஏற்கிறது. வினையை நம்பும் தமிழ்நாட்டில், திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு பதினைந்து படுக்கைகள் கொண்ட ‘ஆதுலர்சாலை’ என்ற மருத்துவமனையையும், அதில் மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோருக்கான ஊதியத்தையும் பதிவுசெய்கிறது. துன்பம் வினைப்பயன் என்று நம்பியவர்கள்தான் அதைத் தீர்க்கக் கோயில் வருமானத்திலிருந்து நெல் அளந்தார்கள்.

சம்மதத்தின் இடத்தில் மிடாசோலம் இன்னொரு சிக்கலை வைக்கிறது. மருந்து ஏறியபின் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அதனால் சம்மதம் முன்பே பெறப்படுகிறது. ஆனால் நடுவில் அந்தக் கை எழுந்து குழாயைத் தள்ளினால்? முன்பு கையெழுத்திட்டவரின் விருப்பத்தைக் கேட்பதா, இப்போது தள்ளுபவரின் விருப்பத்தைக் கேட்பதா? தள்ளுவது வெறும் அனிச்சை என்று சொல்லிவிடுவது எளிது. பிறகு அவருக்கு நினைவிருக்காது என்ற எண்ணம் அந்த எளிமைக்குத் துணைபோகிறது. மருந்துக்கு முன்பே ஓர் அடையாளத்தைப் பேசி வைத்துக்கொள்வதே நேர்மையான வழி: கையை உயர்த்தினால் குழாயை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் லிக்னோகெய்ன் விட்டு, மூச்சு நிதானப்படும்வரை பொறுப்பது. பெரும்பாலும் அதுவே போதும். இரத்தப்போக்கு போன்ற அவசரத்தில் மட்டும் முதலில் தந்த சம்மதத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ‘தூங்க வைத்துவிடுவோம்’ என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. அரைவிழிப்பாக இருக்கும், இருமல் வரும், பிறகு பெரும்பாலும் நினைவிருக்காது என்பதே உண்மை, அதை அப்படியே சொல்லலாம்.

இந்தியாவில் பல மருத்துவமனைகளில் லிக்னோகெய்னை மட்டும் வைத்தே இந்தப் பரிசோதனை நடக்கிறது. மிடாசோலமும் ஃபென்டனிலும் மூச்சைத் தாழ்த்தக்கூடியவை. அவற்றைக் கொடுத்தால் கண்காணிக்க ஒருவர் தனியாக வேண்டும், அவற்றை முறிக்கும் மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும், நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போக ஒருவர் துணை வேண்டும். கூட்டம் மிகுந்த இடத்தில் இவை எப்போதும் அமைவதில்லை. நன்றாக மரக்கச் செய்து, பேசிக்கொண்டே, நிதானமாகச் செய்தால் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். அங்கே நோயாளி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதால், தன் கை எப்படி இருந்தது என்பது மறுநாளே மருத்துவருக்குத் தெரியவரும். மறதி மருந்து இருக்கும் அறையில் அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை. திருக்குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்று நான்கு கூறாக்குகிறது. நோயாளிக்கு நினைவு இல்லாத அரைமணி நேரத்துக்கு இந்த நான்காமவர்தான் சாட்சி.

பரிசோதனை முடிந்து சுமார் இரண்டு மணி நேரம், தொண்டையின் உணர்ச்சி திரும்பும்வரை, தண்ணீர்கூடக் கூடாது. மிடாசோலம் பெற்றவர் ஒரு நாள் வண்டி ஓட்டக்கூடாது. உடனே முடிவைச் சொன்னால் அதுவும் மறந்துபோகும் என்பதால், அதைப் பிற்பாடு, உறவினர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். எவ்வளவு இருமினார், எந்த இடத்தில் திணறினார், எத்தனை முறை கையை உயர்த்தினார் என்பவையும் மருந்தளவோடு சேர்த்து அன்றே குறிப்பேட்டில் ஏற வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது எந்த மருந்தைக் கூட்டுவது என்று முடிவுசெய்ய அவரிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்கு மறந்துபோகும் என்று தெரிந்தே மருந்து கொடுத்தவர்கள்தான் அதை எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்கள்.